பனிக்குள் ஒரு மேளம்

போகி அன்று விடியற்காலையில் நண்டுமேட்டுக் குப்பம் காணாமல் போயிருந்தது.

பானு கதவைத் திறந்து பார்த்தாள். எதிர்வீடு இல்லை. வேப்பமரம் இல்லை. ஏரியும் இல்லை. வாசலுக்கு அப்பால் வெள்ளை வெளேரென்று பனி மட்டும்தான் இருந்தது. கையை நீட்டினாள். விரல் நுனிகள் பனிக்குள் கரைந்து போயின. வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். நல்லவேளை, ஐந்து விரலும் பத்திரமாக இருந்தன.

"அம்மா! ஊரையே காணோம்!" என்று கத்தினாள்.

"அது எங்க போயிடும்? பல்லு வெளக்கு, வந்துடும்" என்றாள் அம்மா ரத்னா, அடுப்படியிலிருந்து.

அந்த நேரம் பார்த்து ஓர் ஆட்டுத் தலை மட்டும் பனிக்குள் மிதந்து வந்தது. அதற்கு உடம்பும் இல்லை, காலும் இல்லை. பானுவைப் பார்த்து 'மே' என்றது. பிறகு அதுவும் மறைந்துவிட்டது.

பானுவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மேகத்துக்குள் வீடு கட்டிக் குடியிருப்பது போல இருந்தது அவளுக்கு.

நண்டுமேட்டுக் குப்பம் பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கிறது. ஏரியை அணைத்தாற்போல, பிறை வடிவில் வளைந்து கிடக்கும் ஊர். பிறையின் ஒரு முனையில் கோயில் தெரு. இன்னொரு முனையில் மேட்டுத் தெரு. நடுவில் படகுத்துறை. போகி வந்தால் இரண்டு தெருப் பிள்ளைகளுக்கும் போட்டி. யார் போகி மேளத்தை அதிகச் சத்தமாகக் கொட்டுகிறார்கள் என்பதுதான் போட்டி. கோயில் தெருவுக்குத் தலைவி பானு. மேட்டுத் தெருவுக்குத் தலைவன் லோகு. இருவரும் பொன்னேரியில் ஒரே பள்ளியில், ஒரே வகுப்பில்தான் படிக்கிறார்கள். ஆனால் போகி அன்று மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள்.

'டம்டம டம்டம' என்று மேட்டுத் தெருவில் மேளம் ஆரம்பித்துவிட்டது.

"ஐயோ, அவன் முந்திக்கினான்!" பானு அவசரமாகத் தன் மேளத்தைக் கழுத்தில் மாட்டினாள்.

"ஏ பானு, அப்படியே தொறைக்குப் போய் நைனா வந்தாச்சான்னு பாரு" என்றாள் அம்மா. "இந்நேரத்துக்கு வந்திருக்கணும்."

பானுவின் அப்பா அரசப்பன்தான் அந்த நைனா. அவர் முந்தின நாள் மாலையே இறால் பிடிக்க ஏரிக்குள் போயிருந்தார். கூடவே அண்ணன் பார்த்திபனும் போயிருந்தான். அவனுக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலை. பொங்கல் லீவுக்கு வந்தவன், "காதுக்குள்ள எப்பவும் மெஷின்தான் ஓடிக்கினு இருக்கு நைனா. ஒரு ராத்திரி தண்ணி சத்தம் கேக்கறேன்" என்று அடம்பிடித்துப் படகில் ஏறிக்கொண்டான்.

பானு துறைக்கு ஓடினாள். ஓடினாள் என்று சொல்வதைவிடத் தடவித் தடவி நடந்தாள் என்பதுதான் சரி. படகு கட்டும் கட்டையைக் கையால் தொட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள். கட்டையில் கயிறு இல்லை. படகு இல்லை.

பின்னால் வேகமாகக் காலடிச் சத்தம் கேட்டது. அம்மா போனைப் பிடித்தபடி ஓடி வந்தாள். போனுக்குள் நைனாவின் குரல் விட்டு விட்டுக் கேட்டது.

"ரத்னா... ஒண்ணுமே தெரியல. அத்திப்பட்டு வெளக்கும் தெரியல, லைட் ஹவுசும் தெரியல. மேளம் கேக்குது. ஆனா நாலு பக்கமும் கேக்குது. எந்தப் பக்கம் நம்ம ஊருன்னே புரியல..."

"நைனா!" என்றாள் பானு.

"பயப்படாத கண்ணு. தண்ணி வத்தத்துல இருக்கு. கடல் பக்கமா இழுக்குது. இஞ்சினைப் போட்டா எங்க போய் மோதுவோம்னு தெரியாது. துடுப்பு போட்டுக்கினு..."

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா மறுபடி மறுபடி போன் போட்டாள். மணி அடிக்கவே இல்லை.

இருட்டில் ஏரியில் போகிறவர்களுக்கு அடையாளங்கள் இரண்டு. அத்திப்பட்டு அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகளின் உச்சியில் எரியும் சிவப்பு விளக்குகள் ஒன்று. பழவேற்காட்டுக் கலங்கரை விளக்கம் இன்னொன்று. இரண்டையும் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டுகூட நைனா வீடு வந்துவிடுவார். இன்று போகிப் புகையும் மார்கழிப் பனியும் சேர்ந்து இரண்டையும் விழுங்கிவிட்டன.

ஏரித் தண்ணீர் வற்றும் நேரத்தில் எல்லாம் முகத்துவாரத்தை நோக்கித்தான் ஓடும். அதைத் தாண்டினால் கடல். அங்கே அலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் புரளும். சின்னப் படகுக்கு அது ஆகாத இடம்.

துறையில் பெரியவர்கள் கூடிவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பரசுராமன் மாமா தன் படகைத் தண்ணீருக்குள் தள்ளினார்.

"நான் போய்ப் பாத்துட்டு வரேன்."

"நீ போனா உன்னைத் தேடிக்கினு யார் போறது?" என்று அம்மா படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் குரல் நடுங்கியது. பிடி மட்டும் நடுங்கவில்லை.

எல்லோரும் ஏரியைப் பார்த்துக் கத்தினார்கள். "அரசப்பா! ஓய்!" கத்திய சத்தம் பஞ்சில் எறிந்த கல் போலப் பனிக்குள் விழுந்து அடங்கியது. ஊரைச் சுற்றி மேளங்கள் மட்டும் ஓயாமல் முழங்கிக்கொண்டிருந்தன. இந்த முனையில் டமடம. அந்த முனையில் டமடம. கோயிலுக்குப் பின்னால் ஒன்று, பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒன்று.

'நாலு பக்கமும் கேக்குது.' நைனா சொன்னதைப் பானு தனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். தான் இப்போது அந்தப் படகில் இருப்பதாக நினைத்துக்கொண்டாள். சுற்றிலும் வெள்ளை. இடது பக்கம் டமடம. வலது பக்கம் டமடம. எந்தப் பக்கம் துடுப்புப் போடுவது?

சட்டென்று கண்ணைத் திறந்தாள்.

"அம்மா! மேளம்தான் அவங்களைக் கொழப்புது! எல்லா மேளமும் ஒரே எடத்துல கொட்டினா..."

சொல்லி முடிக்கும் முன்பே ஓட ஆரம்பித்துவிட்டாள்.

அங்கங்கே கொட்டிக்கொண்டிருந்த கோயில் தெருப் பிள்ளைகளை நிறுத்துவது சுலபமாக இருந்தது. பானு சொன்னதும் குச்சிகள் இறங்கின. "எல்லாரும் தொறைக்குப் போங்க. நான் வர்ற வரைக்கும் யாரும் கொட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டு மேட்டுத் தெருவுக்கு விரைந்தாள்.

அங்கே கிழிந்த பாய்களும் உடைந்த கூடைகளும் எரிந்துகொண்டிருந்தன. நெருப்பைச் சுற்றிப் பிள்ளைகள். நடுவில் லோகு, கன்னம் உப்ப, கண் விரிய, உயிரைக் கொடுத்துக் கொட்டிக்கொண்டிருந்தான்.

"டேய், வந்துட்டா பாரு!" என்றான் லோகு. "இன்னா பானு, உங்க தெருவுல சத்தத்தையே காணோம்? தோத்துட்டீங்களா?"

வேறு எந்த நாளாக இருந்தாலும் பானு அவனுக்குப் பத்துப் பதில் வைத்திருப்பாள். இன்றைக்கும் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள்.

"ஆமாண்டா, தோத்துட்டோம். நீங்கதான் ஜெயிச்சீங்க. இப்போ நிறுத்து."

லோகுவின் குச்சி அந்தரத்தில் நின்றது. இந்த வார்த்தையைக் கேட்க அவன் எத்தனையோ போகியாகக் காத்திருந்தான். கேட்டுவிட்டபிறகு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"நிஜமாவா சொல்ற? இன்னா ஆச்சு பானு?"

பானு சொன்னாள். மூச்சு வாங்க, பாதி அழுகையும் பாதி வார்த்தையுமாகச் சொன்னாள்.

லோகு தன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். "டேய்! கொட்டறதை நிறுத்துங்கடா! தொறைக்கு வாங்க, எல்லாரும்!"

பனியில் யாரும் தவறிப் போகாமல் இருக்க, ஒருவர் சட்டையை ஒருவர் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்கள். மேட்டுத் தெருவிலிருந்து ஒரு சின்ன ரயில் வெள்ளைப் பனிக்குள் நெளிந்து நெளிந்து துறைக்கு வந்து சேர்ந்தது.

"எல்லாரும் சேந்து கொட்டுங்க!" என்றாள் பானு.

கொட்டினார்கள். அப்பப்பா! தகரக் கூரைமேல் ஆலங்கட்டி மழை பெய்தது போல இருந்தது. ஆளுக்கொரு தாளம், ஆளுக்கொரு வேகம். ஒன்றின் சத்தத்தை இன்னொன்று அமுக்கியது.

"இருங்க! இருங்க!" என்று யாரோ கத்தினார்கள். ஷைனிதான். அவள் அப்பாவுக்கு அத்திப்பட்டில் வேலை. அவர்கள் வீட்டில் போகி கிடையாது, மேளமும் கிடையாது. அதனால் ஒரு பெரிய பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"நாம கொட்டறது நமக்கே காதை அடைக்குது. அவங்க பதில் குடுத்தா எப்படிக் கேக்கும்?" என்றாள் ஷைனி.

அது சரிதான் என்று எல்லோருக்கும் பட்டது.

"அப்போ இப்படிச் செய்யலாம்" என்றாள் பானு. "எல்லாரும் ஒண்ணா மூணு கொட்டு. அப்புறம் கப்சிப். காதை மட்டும் தீட்டிக்கணும். ஷைனி, நீ நடுவுல நில்லு. நீ கையைத் தூக்கி எறக்கினா ஒரு கொட்டு."

ஷைனியைச் சுற்றித் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். அவள் கை ஏறி இறங்கியது.

டம். டம். டம்.

டம்.

"நாலாவது யாருடா?"

"நான்தான்" என்றான் லோகு, குச்சியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு. "நான் இன்னா பண்றது? கை தானா போச்சு."

மறுபடி ஆரம்பித்தார்கள். இந்த முறை மூன்றோடு நின்றது. அத்தனை மேளமும் ஒரே நொடியில் விழுந்தபோது, காலடியில் துறையின் மரப்பலகை அதிர்ந்ததைப் பானு உணர்ந்தாள். அவள் நெஞ்சுக்குள்ளேயே யாரோ கொட்டியது போல இருந்தது.

பிறகு அமைதி வந்தது.

அப்படி ஓர் அமைதியை அந்தப் பிள்ளைகள் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை. கட்டைகளுக்கு அடியில் தண்ணீர் 'களக்' என்றது. எங்கோ ஒரு மீன் துள்ளி விழுந்தது. தூரத்தில், கண்ணுக்குத் தெரியாத பூநாரைகள் தூக்கத்தில் பேசிக்கொள்வது போல முனகின. பனி அவர்களின் இமைகளில் சின்னச் சின்ன முத்தாக உட்கார்ந்தது. யாரும் துடைக்கவில்லை. உலகம் முழுவதும் வெள்ளையாகி, அதன் நடுவில் தாங்கள் மட்டும் ஒரு தெப்பத்தில் மிதப்பது போல இருந்தது.

பதில் இல்லை.

டம். டம். டம். மறுபடி அமைதி. மறுபடி பதில் இல்லை.

கொட்டக் கொட்ட இன்னொரு தொல்லை வந்தது. பனி ஈரத்தில் மேளத்தின் தோல் தளர்ந்துபோனது. 'டம்' என்பது 'தொம்' ஆனது. 'தொம்' என்பது 'தொப்' ஆனது. ஈரத் துணியைத் துவைக்கிற சத்தம்கூட அதைவிடப் பெரிதாகக் கேட்டிருக்கும்.

பானுவின் முகம் வாடிவிட்டது. "போச்சுடா. இது யார் காதுல விழும்?"

லோகு தன் மேளத்தைத் தட்டிப் பார்த்தான். "நெருப்புல காட்டினா கெட்டியாயிடும். ஆனா எல்லாரும் ஒண்ணா காய்ச்சப் போனா இங்க கொட்ட ஆள் இருக்காது." ஒரு நிமிடம் தலையைச் சொறிந்தான். "பாதிப் பேர் கொட்டலாம். பாதிப் பேர் காய்ச்சலாம். அப்புறம் மாத்திக்கலாம்."

பரசுராமன் மாமா இரும்புச் சட்டியில் தணல் அள்ளிக்கொண்டு வந்து துறையின் ஓரத்தில் வைத்தார். அம்மா காய்ந்த சவுக்குக் குச்சிகளைக் கொண்டுவந்து போட்டாள். இன்னொருவர் பழைய டயரை உருட்டிக்கொண்டு வந்தார்.

"டயர் வேணாம் மாமா!" பிள்ளைகள் ஒன்றாகக் கத்தினார்கள். "பொகை இன்னும் ஜாஸ்தியாவும்!"

அவர் டயரை உருட்டிக்கொண்டு வந்த வழியே போனார்.

கோயில் தெரு கொட்டியது, மேட்டுத் தெரு காய்ச்சியது. பிறகு மேட்டுத் தெரு கொட்டியது, கோயில் தெரு காய்ச்சியது. கொஞ்ச நேரத்தில் யார் எந்தத் தெரு என்பதே கலைந்து போனது. காய்ந்த மேளம் யார் கையில் இருந்தாலும், கை வலிக்காதவர் அதை வாங்கிக்கொண்டார். ஷைனியின் கை மட்டும் ஓயாமல் ஏறி இறங்கியது. அது வலித்தபோது பானு அவளுடைய முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

டம். டம். டம்.

அமைதி.

ஷைனி திடீரென்று விரலை உதட்டில் வைத்தாள்.

"கேட்டுச்சா?"

யாருக்கும் கேட்கவில்லை. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார்கள்.

'டொக்.'

நிஜமாகவே கேட்டது. துடுப்பால் படகின் விளிம்பில் தட்டுகிற சத்தம். ரொம்ப ரொம்பத் தூரத்தில், கனவுக்குள் யாரோ கதவைத் தட்டுவது போலக் கேட்டது.

'நைனா!' என்று கத்தப் பானு வாயைத் திறந்தாள். திறந்த வாயைத் தானே இரு கைகளாலும் பொத்திக்கொண்டாள். இப்போது கத்தினால் அடுத்த 'டொக்' கேட்காமல் போய்விடும். கண்ணிலிருந்து மட்டும் நீர் கொட்டியது. லோகு அவள் தோளில் தன் தோளால் மெல்ல இடித்தான். 'வராங்க, வராங்க' என்று அதற்கு அர்த்தம்.

டம். டம். டம்.

'டொக்.'

டம். டம். டம்.

'டொக். டொக்.'

மேளமும் துடுப்பும் பனிக்குள் பேசிக்கொண்டன. இந்தப் பக்கம் ஒரு கேள்வி, அந்தப் பக்கம் ஒரு பதில். ஒவ்வொரு பதிலும் முந்தையதைவிடக் கொஞ்சம் பக்கத்தில் கேட்டது. கிழக்கே எங்கோ சூரியன் எழுந்திருக்க வேண்டும். வெள்ளைப் பனி மெல்ல மெல்ல ரோஜா நிறமாக மாறியது. ஏரி எது, வானம் எது என்று தெரியவில்லை. எல்லாமே ஒரே இளஞ்சிவப்பு.

அந்த இளஞ்சிவப்பைக் கிழித்துக்கொண்டு ஒரு படகின் மூக்கு வெளியே வந்தது.

முன்னால் பார்த்திபன் அண்ணன் நின்றிருந்தான். அவன் தலைமுடி முழுக்கப் பனித்துளி. கிழவனாகிவிட்டவன் போல இருந்தான். பின்னால் துடுப்போடு நைனா.

"நைனா!" இப்போது பானு கத்தினாள். அவ்வளவு நேரம் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்ததில், பக்கத்தில் நின்ற லோகு காதைப் பொத்திக்கொண்டான்.

அம்மா முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டாள். நைனாவைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று பானு நினைத்தாள். அம்மாவோ, "போன்ல சார்ஜ் போடாம போவாதன்னு எத்தினி வாட்டி சொல்றது?" என்று திட்டத் தொடங்கினாள். திட்டிக்கொண்டே அண்ணன் தலையை முந்தானையால் துவட்டிவிட்டாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.

"இரு ரத்னா, இரு. கயித்தை இழுக்கணும்" என்றார் நைனா.

அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள். நைனாவின் படகின் பின்னால் ஒரு கயிறு பனிக்குள் போனது. கயிற்றின் முனையில் இன்னொரு படகு வந்தது. அதன் பின்னால் இன்னொரு கயிறு, இன்னொரு படகு. முன்பின் தெரியாத முகங்கள். அக்கம்பக்கத்துக் குப்பங்களிலிருந்து வந்து, ஏரியில் திசை தெரியாமல் சுற்றியவர்கள்.

"ஆளுக்கொரு பக்கமா சுத்திக்கினு இருந்தோம்" என்றார் நைனா கரையேறியபடி. "திடீர்னு எல்லா மேளமும் நின்னுபோச்சு. அப்போதான் நெஜமாவே பயந்துட்டேன். அப்புறம் ஒரே ஒரு மேளம் கேட்டுச்சு. மூணு கொட்டு. நிறுத்தி, மறுபடி மூணு கொட்டு. அதைப் புடிச்சிக்கினே வந்தோம். வழியில கண்டவங்களை எல்லாம் கயிறு கட்டி இட்டாந்துட்டோம்."

அவர் துறை முழுக்கக் கண்ணை ஓட்டினார். ஆட்களின் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"எங்க அது?"

"எது நைனா?"

"அந்த மேளம்தான். அம்மாம் பெரிய மேளம் நம்ம ஊர்ல ஏது? எங்கருந்து எடுத்தாந்தீங்க? இன்னா சத்தம்! ஏரியே ஆடிப்போச்சு."

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

லோகு தன் சின்ன மேளத்தைத் தூக்கிக் காட்டினான். "இதுலருந்து கொஞ்சம் வந்துச்சு, பெரிப்பா."

"இதுலருந்து கொஞ்சம்" என்று பானு தன்னுடையதைக் காட்டினாள்.

"இதுலருந்து கொஞ்சம்." "இதுலருந்தும்." ஒவ்வொரு மேளமாக உயர்ந்தது. சிலவற்றின் விளிம்பு நெருப்பில் கறுத்திருந்தது. சிலவற்றின் தோல் கிழிந்தே போயிருந்தது.

கடைசியாக ஷைனி, ஒரு பக்கம் முழுக்க நசுங்கிப்போன பிஸ்கட் டின்னைத் தூக்கினாள். "இதுலருந்தும் கொஞ்சம் வந்துச்சு மாமா."

நைனா அந்த டின்னை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அதை ஷைனியிடமே திருப்பிக் கொடுத்தார். படகிலிருந்த இறால் கூடையைத் தூக்கித் துறையின் நடுவில் வைத்தார். மற்றப் படகுக்காரர்களும் தங்கள் கூடைகளைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்தார்கள்.

பனி விலகியபோது ஊர் முழுவதும் இறால் தொக்கு மணத்தது. வந்தவர்கள் ஈர உடையோடு எந்த வீட்டில் அடுப்பு எரிந்ததோ அந்த வீட்டில் உட்கார்ந்தார்கள். அன்று காலை யார் வீட்டு இட்லியை யார் சாப்பிட்டார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

பானு மட்டும் மூன்று வீட்டில் சாப்பிட்டாள்.